மலிவு மருந்தும் கொள்ளை நோயும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் நம் வகுப்பறையில் பாதி பெஞ்சுகள் காலியாகிவிடும். மீதிப் பாதியிலிருந்து இருமல் சத்தம் கேட்கும். சுக்குக் கஷாயம், நொச்சி இலை ஆவி, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பாராசிட்டமால் என்று மூன்று நான்கு நாளில் எழுந்து வந்துவிடுகிறோம். இதே ஃப்ளூ காய்ச்சல்தான் 1918ஆம் ஆண்டில் நம் இந்திய நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று என்றால் நம்ப முடிகிறதா, தோழியரே?

அந்த ஆண்டு ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய நோய், ரயில் வண்டி ஏறி ஊர் ஊராகச் சென்றது. மழைக்குப் பின் மீண்டும் வந்தபோதுதான் அதன் கோர உருவம் தெரிந்தது. குழந்தைகளும் முதியோரும் மட்டுமல்ல, திடகாத்திரமான இளவயதினரும் ஏராளமாக மாண்டனர். அக்காலத்தில் இறந்தவர்களின் நுரையீரல் துணுக்குகள் சில அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 2008இல் அவற்றை ஆராய்ந்த அறிஞர்கள், பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது வைரஸ் மட்டுமன்று, அதன் பின்னே நுழைந்த பாக்டீரியாக்கள் உண்டாக்கிய நிமோனியாவே என்று கண்டனர். வைரஸ் கதவை உடைத்தது, கொள்ளையடித்தவர்கள் வேறு! அன்று பெனிசிலின் இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான்.

ஆனால் ஒரு மலிவு மருந்து அன்றும் இருந்தது. அது ஆஸ்பிரின். காய்ச்சலைத் தணிக்க நாளொன்றுக்கு 8 கிராம் முதல் 30 கிராம் வரைகூட அன்றைய மருத்துவர்கள் கொடுத்தார்களாம். இன்று 4 கிராமுக்கு மேல் ஆபத்து என்று நமக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சிய ஆஸ்பிரினாலேயே சிலர் இறந்திருக்கலாம் என்று 2009இல் ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். நல்ல மருந்துதான், அளவுதான் தெரியவில்லை.

1957இல் அடுத்த பெருநோய் வந்தது. இம்முறை அது இந்தியாவில் முதலில் கால் வைத்தது நம் சென்னைத் துறைமுகத்தில்! மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பல் அதை இறக்கிவிட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃபுளுவென்சா ஆய்வு மையம் அதனை ஆராய்ந்து எழுதியது. நாட்டில் 44 லட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பதிவான சாவுகள் ஏறத்தாழ 1,100. வைரஸும் வேறு, காலமும் வேறு. எல்லாப் பெருமையையும் பெனிசிலினுக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் நிமோனியா வந்தால் கையில் ஒரு மருந்து இருந்தது என்பது சிறிய காரியமா?

இனி நாம் எல்லோரும் அறிந்த கொரோனாவுக்கு வருவோம். அது ஃப்ளூ அன்று, வேறு வைரஸ். ஆனால் மலிவு மருந்தின் கதையில் மிகத் தெளிவான பக்கம் அதுதான். 2020 மார்ச் மாதம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே இருவரும் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் 'ரெக்கவரி' என்னும் சோதனையைத் தொடங்கினர். அதில் ஒரு மருந்து டெக்ஸாமெதசோன். ஆஸ்துமா, ஒவ்வாமை, மூட்டு வீக்கம் ஆகியவற்றுக்கு அறுபதாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்த ஸ்டீராய்டு அது. ஒரு நோயாளிக்கு அங்கே ஆகும் மொத்தச் செலவு சுமார் 5 பவுண்டு. நம் நாட்டிலோ அதனினும் குறைவு.

2,104 பேருக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தனர். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் சீட்டுப் போல் கம்ப்யூட்டரே தீர்மானித்தது. "உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்கலாமா, சிஸ்டர்?" என்று நாங்கள் அறிவியல் வகுப்பில் சண்டைக்கே போய்விட்டோம். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "மருத்துவரே தேர்ந்தெடுத்தால் பிழைக்கக்கூடியவரையே தேர்ந்தெடுத்துவிடலாம். அப்புறம் பிழைக்க வைத்தது மருந்தா, அவர் உடம்பா என்று எப்படிச் சொல்வாய்?" என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை.

நூறே நாளில், ஜூன் 16 அன்று முடிவு வந்தது. சுவாசக் கருவி பொருத்தப்பட்டவர்களில், மருந்தில்லாமல் நூற்றுக்கு 41 பேர் இறந்தனர்; மருந்துடன் 29 பேர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26 என்பது 23 ஆயிற்று. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை. மருந்து உண்டவர்களில்தான் சற்று அதிகம் பேர் இறந்திருந்தனர். காரணம் இதுதான்: நோயின் தொடக்கத்தில் வைரஸை எதிர்த்துப் போராடுவது நம் உடலின் காவல்படை. ஸ்டீராய்டு அந்தப் படையைக் கட்டிப்போடும். முற்றிய நிலையிலோ அதே படை வெறிகொண்டு நம் நுரையீரலையே தாக்குகிறது. அப்போது கட்டிப்போடத்தான் வேண்டும். உலகெங்கும் 10 லட்சம் பேர் இம்மருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2021இல் மதிப்பிட்டது.

மலிவான மருந்தெல்லாம் பலித்துவிடவும் இல்லை. மலேரியாவுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசித்ரோமைசின், கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் ஆகிய மூன்றும் அதே சோதனையில் தோற்றன. ஆஸ்பிரினும் சாவைக் குறைக்கவில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் மாமா இந்தக் கதையின் இன்னொரு பக்கம். 2021 மே மாதம், காய்ச்சல் வந்த முதல் நாளே, யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை ஓர் அட்டை வாங்கி விழுங்கினார். மூச்சுத் திணறலே இல்லை. சர்க்கரை நோய் மட்டும் முன்பே இருந்தது. மாத்திரை சர்க்கரையை ஏற்றியது, எதிர்ப்புச் சக்தியை இறக்கியது. கறுப்புப் பூஞ்சை வந்து இடக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஜூன் மாத முடிவுக்குள் நாட்டில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டிருந்தது.

சரி, ஃப்ளூவுக்கு இதே ஸ்டீராய்டு உதவுமா? கொரோனாவில் பலித்ததை அப்படியே ஃப்ளூவுக்கு மாற்றிவிட முடியாது. முன்னர் ஃப்ளூ நோயாளிகளைக் கவனித்த ஆய்வுகளில், ஸ்டீராய்டு பெற்றவர்கள் அதிகம் இறந்ததாகவே தெரிந்தது. ஆனால் அவர்கள் முதலிலேயே மோசமான நிலையில் இருந்தவர்களாக இருக்கலாம். சிஸ்டர் சொன்ன அதே சிக்கல்! ஆகவே ரெக்கவரி குழுவினர் ஃப்ளூ நோயாளிகளிடையேயும் குலுக்கல் முறையில் அதைச் சோதிக்கத் தொடங்கினர். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் ஃப்ளூ சாவுகளைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் டேவிட் ஃபெட்சன் பல்லாண்டுகளாக வாதாடி வந்தார். 2023இல் கடுமையான கொரோனா நோயாளிகளிடம் முடிந்த ஒரு சோதனையில் சிம்வாஸ்டாட்டின் உதவக்கூடும் என்ற அளவுக்குத் தெரிந்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

கட்டுரையில் மாமாவைப் பற்றி எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். கடைக் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "தாராளமா எழுதுங்கம்மா. முதல் நாளே போட்டேன்கிறதை மட்டும் மறக்காம எழுதுங்க" என்றார்.