ஒரு தாய், பல தந்தையர்

பங்குனி மாத உச்சி வெயிலில், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தேனீப் பெட்டிக்கு அருகே உட்கார்ந்து பாருங்கள். துளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கும் மதுவை அள்ளிக்கொண்டு தேனீக்கள் வந்தபடி இருக்கும். வெளியே வெயில் கொளுத்தும். பெட்டிக்குள் புழுக்கள் வளரும் அடைகளில் மட்டும் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் இடையிலேயே நிற்கும். மார்கழிக் குளிரிலும் இதே கணக்குதான். கணக்கு தவறிக் குளிர்ந்தால் பிறக்கும் தேனீயின் சிறகு சுருங்கிவிடும். சிறகு தப்பினாலும், வளர்ந்தபின் கற்பதிலும் நினைவு வைப்பதிலும் தடுமாறும்.

இந்தக் கணக்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ராணி முட்டையிடுகிறாள், உத்தரவு போடுவதில்லை. மேஸ்திரியும் கிடையாது. வாசற்பலகையைக் கூர்ந்து பார்த்தால் பதிலின் ஒரு நுனி தெரியும். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கள் சில, தலையை வெளிப்பக்கமாகவும் வாலை வாசல் பக்கமாகவும் வைத்து, கால்களை ஊன்றிக்கொண்டு, பறக்காமலே சிறகடிக்கும். வெளிக்காற்று உள்ளே போகும். இத்தாலியத் தேனீயோ நேர்எதிராகத் திரும்பி நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். எதுவானாலும் விசிறுபவை சிலவே. வெயில் ஏற ஏற இன்னும் சில வந்து சேரும். தணியத் தணிய ஒவ்வொன்றாக விலகும்.

படைத்தவனின் நுட்பம் இந்த முன்பின்னில்தான் இருக்கிறது. ஒரு தேனீக்கு லேசான புழுக்கமே பொறுக்காது, உடனே விசிறத் தொடங்கிவிடும். இன்னொன்று இன்னும் ஒரு டிகிரி ஏறினால்தான் அசையும். வேறொன்று எல்லாரும் திணறும்போதுதான் எழுந்து வரும். எல்லாம் ஒரே அளவுக்குச் சூடு பொறுப்பவையாக இருந்தால் என்ன ஆகும்? குறிப்பிட்ட சூடு வந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் சிறகடிக்கும், கூடு சட்டென்று குளிர்ந்துபோகும், அத்தனையும் ஒரே நேரத்தில் நிறுத்தும், மறுபடி கொதிக்கும். ஊசலாட்டம் ஓயாது. வேறுபாடு இருப்பதால்தான் தேவைக்கேற்ற அளவு காற்று வருகிறது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இளம் ராணி வானில் பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு கூடிவிட்டுத் திரும்புகிறாள். கூடிய ஆண்கள் அப்போதே இறந்து விழுகின்றன. அவற்றின் விந்தைத் தன் பையில் ஆயுள் முழுக்கச் சேமித்து வைக்கிறாள். இத்தாலியத் தேனீயில் ஒரே ஓர் ஆணின் விந்தே அந்தப் பையை நிரப்பப் போதும். அப்படியிருந்தும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் வேட்டையாடும் வானத்தில் உயிரைப் பணயம் வைத்து அவள் பல தந்தையரைத் தேடுகிறாள். ஆகவே ஒரு பெட்டியிலுள்ள பணித் தேனீக்கள் எல்லாம் ஒரு தாய் மக்கள், ஆனால் ஒரு தந்தை மக்கள் அல்ல.

2004-ல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஓல்டுராய்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரே தந்தையின் மக்கள் மட்டும் உள்ள கூட்டங்களையும் பல தந்தையரின் மக்கள் கலந்த கூட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பின்னவற்றில்தான் வெப்பம் அதிகம் ஏறி இறங்காமல் நின்றது. அதைப் படித்தபோது, அந்த ஆபத்தான பறத்தலின் பொருள் விளங்கி எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

இந்த வேறுபாடு விசிறுவதில் மட்டுமல்ல. வயதுக்கேற்ப வேலை மாறுவது பலருக்கும் தெரியும். முதலில் அறை துடைப்பு, பிறகு புழுவுக்கு ஊட்டல், மெழுகு கட்டல், காவல், மூன்று வாரம் தாண்டினால் வெளிவேலை. ஆனால் ஒரே வயதுக்காரிகளுக்குள்ளும் நாட்டம் வேறு. வாசலில் காவல் நிற்பவையும் செத்த தேனீக்களை வெளியே சுமந்து போடுபவையும் பெரும்பாலும் வேறு வேறு தந்தையின் மக்கள் என்று ஆய்வாளர்கள் ஜீன் ராபின்சனும் ராபர்ட் பேஜும் 1988-ல் காட்டினார்கள். மகரந்தத்தைத் தேடுபவை சில, மதுவையே நாடுபவை சில.

சும்மா இருப்பவற்றுக்கும் இடம் உண்டு. மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஒரே தேனீயை ஏறத்தாழ 177 மணி நேரம் பின்தொடர்ந்து குறித்தார். அதில் சுமார் 69 மணி நேரம் அது எதுவும் செய்யவில்லை. இன்னொரு 56 மணி நேரம் கூட்டுக்குள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுறுசுறுப்புக்குத் தேனீயை உதாரணம் காட்டும் நாம் இதைக் குழந்தைகளுக்குச் சொல்வதே இல்லை. சுற்றிப் பார்ப்பவள்தான் எங்கே என்ன குறைகிறது என்று அறிகிறாள். ஓய்ந்திருப்பவள்தான் திடீர்த் தேவைக்கு இருப்பு.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தியில் இலை குறைவது ஓர் அத்தையின் கண்ணில்தான் முதலில் படும். வந்தவர் முகம் வாடியிருப்பது இன்னொரு சித்தப்பாவுக்குத்தான் தெரியும். மூலையில் உட்கார்ந்திருந்த மாமா, மின்சாரம் போன நிமிடத்தில் எழுந்து வருவார். அலுவலகத்திலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் மகளிர் குழுவிலும் நாம் ஆள் சேர்க்கும்போதோ நம்மைப் போலவே யோசிப்பவர்களைத் தேடுகிறோம். முதலில் பதறுபவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறோம், கடைசியில் எழுபவரை மந்தம் என்கிறோம். முன்னவர்தான் எச்சரிக்கை மணி, பின்னவர்தான் சேமிப்பு. இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்து ஒருவரைக் கழிப்பது பெரும் இழப்பு என்றே நான் நம்புகிறேன். தலைமைக்கு வருகிறவர் கற்க வேண்டிய முதல் பாடமும் இதுதான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெதர் மட்டிலாவும் தாமஸ் சீலியும் 2007-ல் வெளியிட்ட தேனீ ஆய்வு ஓல்டுராய்ட் குழுவினரின் சோதனையைவிடக் கடுமையானது. 15 ஆண்களின் மக்கள் கலந்த கூட்டங்களையும் ஓர் ஆணின் மக்கள் மட்டும் உள்ள கூட்டங்களையும் புது இடத்தில் குடியேற விட்டார்கள். முதல் வகை வேகமாக அடை கட்டியது, அதிகம் தேடியது, அதிகம் சேமித்தது. குளிர்காலம் வந்தது. கலந்த கூட்டங்களில் சில பிழைத்தன. ஒரே தந்தைக் கூட்டங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு சோதனைக் காலம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பெட்டிகள் காலியாகிக் கிடந்தன. ஆனால் நோய் எல்லாக் குடும்பங்களையும் ஒரே மாதிரி வீழ்த்தவில்லை. தாக்குப்பிடித்தவற்றைப் பிரித்துப் பிரித்தே வளர்ப்போர் மீண்டும் எழுந்தார்கள். இப்படிப் பிரிக்கும்போது நெருங்கிய உறவுக்குள்ளேயே கலப்பு தொடர்ந்தால், புழு அடையில் அறைகள் ஆங்காங்கே வெறுமையாகிச் சல்லடைபோல் ஆகும். அதனால் அனுபவமுள்ள வளர்ப்பாளர் எல்லாப் பெட்டிகளையும் ஒரே தாய்க் குடும்பத்திலிருந்து பிரிப்பதில்லை. வேறு தோட்டத்திலிருந்தும் வேறு ஊரிலிருந்தும் புதுக் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்து தன் பெட்டிகளுக்கு நடுவே வைக்கிறார்.