நஞ்சுக் கலமும் நம் பிள்ளைகளும்

மோனோகுரோட்டோபாஸ் என்பது பூச்சிகளையும் சிலந்திப் பேன்களையும் கொல்லும் கடுநஞ்சு. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் அடிமரத்தைத் துளைத்து இதனைச் செலுத்தினர். மரச்சாற்றில் ஏறி, ஓலை தின்னும் பைப்புழுவைக் கொன்றது. நரம்பின் துடிப்பை அடக்கும் நொதியை இது முடக்குகிறது. அந்நொதி மனிதருக்கும் உண்டு. ஆதலின் உண்டவருக்கு உமிழ்நீர் பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும்.

2013 சூலை 16-இல், பீகாரிலுள்ள கண்டமன் சிற்றூர்ப் பள்ளியில் நண்பகல் உணவுண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் இந்நஞ்சு கலந்திருந்ததை ஆய்வு காட்டிற்று. நஞ்சிருந்த கலத்தில் எண்ணெய் வைத்திருந்ததாகக் கூறப்பட்டது.

கிள்ளான் வட்டாரத்து ஆசிரியர்கள் இதனை நெஞ்சிற் கொள்ளவேண்டும். எத்துணை முறை கழுவினும் நஞ்சுக் கலம் உணவுக்கு உதவாது. அதனைத் துளையிட்டு அப்புறப்படுத்துக. எழுத்தறிவித்தல் மட்டுமன்று, மாணவன் குடிநீர் கொணரும் போத்தலை நோக்குதலும் நம் கடமையே.