பள்ளியும் பகலுணவும்

தூத்துக்குடிக் கடற்கரை முத்தினாற் புகழ்பெற்றது. ஆயினும் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. சிப்பி விளைந்த ஆண்டில் மட்டுமே நிகழ்ந்தது. 1961-க்குப் பின்னர் அதுவும் நின்றது. வலையும் உப்பளமுமே அக்கரையில் வாழ்ந்தோர் பலர்க்கும் நிலையான பிழைப்பு. கரையை விட்டு வடக்கே சென்றால் கரிசல் நிலம் தோன்றும். வானம் பொய்த்தால் அங்கே பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. இவ்விரு நிலத்தும் பள்ளிகள் இருந்தும் பிள்ளைகள் வாராமை நெடுங்காலக் குறையாக இருந்தது.

கல்வியின் அருமையை ஏழைப் பெற்றோர் அறியார் என்று சிலர் கூறுவர். அது முழுதும் உண்மையன்று. ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு ஆட்டுக்குரியவர் வீட்டில் ஒருவேளைக் கஞ்சி உண்டு. பள்ளிக்குச் சென்றால் அக்கஞ்சி இல்லை. ஆகவே, பெயர் பதிவேட்டில் இருக்கும். பெயருக்குரியவன் மந்தையின் பின்னே இருப்பான். காலையில் வந்த பிள்ளைகளோ, நண்பகல் மணி அடித்ததும் வீட்டிற்கு ஓடுவர். அடுப்பு எரியாமை கண்டு அங்கேயே சோர்ந்து கிடப்பர். அரைநாட் பாடம் கேட்டவன் தேர்வில் எங்ஙனம் தேறுவான்?

இதற்கு மருந்து முதலிற் சென்னையிற் காணப்பட்டது. 1920-இல், தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிற் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. மாணாக்கன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23-இல் அவ்வைந்து பள்ளிகளிலும் பயின்றோர் 811 பேர். 1924-25-இல் 1,671 பேர். ஈராண்டில் எண்ணிக்கை இருமடங்கை எய்தியது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடலாகாதென ஆங்கில அரசு தடுத்தமையால் 1925-இல் அது தடைப்பட்டது.

1954-இல் காமராசர் முதலமைச்சரானார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கடையில் வேலைக்குச் சென்றவர் அவர். பள்ளிப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் எவ்வாறு மறைகிறது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு உடனிருந்து உழைக்க, 1956-இல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அவ்வூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

அரசு மட்டுமே இதனைச் சுமந்ததன்று. ஊரார் அரிசியும் பருப்பும் காய்கறியும் விறகும் கொடுத்தனர். பின்னர்ச் செலவிற் பத்தில் ஆறு பங்கை அரசு ஏற்க, நான்கு பங்கை ஊரார் தாங்கினர். தன் வீட்டரிசி வேகும் பள்ளியை ஊர் தன்னுடையதாகவே கருதுமன்றோ? வராத பிள்ளையைத் தேடிச் செல்ல ஆசிரியரோடு ஊர்ப் பெரியவரும் புறப்பட்டனர். சோற்றுக்காகவா பள்ளிக்கு வருவது என்று எள்ளினாரும் உண்டு. அவர் பசியோடு வாய்பாடு ஒப்பித்து அறியாதவர்.

1982-இல் இது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஆயினும் ஒரு குறை நின்றது. உப்பளத் தொழிலாளர் வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டியவர். விடியுமுன்னே வீட்டை விட்டுச் செல்வர். அவர்தம் பிள்ளைகளுக்குக் காலையில் உணவாக்கித் தருவார் யார்? 2022-இல் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவு தொடங்கப்பெற்றது. தாய் உப்பு வாரிக்கொண்டிருக்கும் வேளையில், பிள்ளையின் தட்டில் இப்பொழுது சூடான உப்புமா இருக்கின்றது.