எழுபது நாளுக்குப் பிறகு

பசறை, லுணுகலை, ஹாலிஎல, நமுனுகுல எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் லயத்துக் காம்பராவில் பிள்ளை பிறப்பதில்லை, வைத்தியசாலையிலேயே பிறக்கிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த முன்னேற்றம் இது. ஆனால் பெற்றவள் பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பிய பின் அவள் நிலை என்ன? இதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. அதற்குள்தான் மாமியார், கணவன், மூத்த பிள்ளைகள், அடுப்புப் புகை எல்லாம். இரவில் குழந்தை வீறிட்டால், விடிந்ததும் பிரட்டுக்குப் போகவேண்டிய அடுத்த வீட்டாரும் விழித்துக்கொள்வார்கள். அதற்குப் பயந்து, தாய் விடியும்வரை பிள்ளையை மடியிலேயே வைத்திருக்கிறாள். பத்தியச் சோறும் காயமும் கிடைத்தாலும் தூக்கம் கிடைப்பதில்லை.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கும் உரியது. முன்பு மூன்றாம் பிள்ளை முதல் 42 நாள் விடுமுறையே கிடைத்தது. 2018இல் வந்த திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம், அதாவது 84 நாள். பேற்றுக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம். ஆகவே எழுபது நாள் கழிந்ததும் அவள் கூடையோடு மலை ஏறவேண்டும். ஆனால் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது மருத்துவம். அரசாங்க ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாளும், வேண்டுமானால் அரைச் சம்பளத்தில் மேலும் 84 நாளும் உண்டு. கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு மட்டும் பசி குறைவா?

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப அதே சட்டம் வழி செய்துள்ளது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, சாப்பாட்டு நேரம் தவிர, நாளில் இரண்டு முறை பாலூட்ட நேரம் தரவேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். ஆனால் மலை தூரமென்றால் அரை மணித்தியாலம் ஏறி இறங்கவே போதாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் விழுமோ என்ற அச்சம் வேறு. எனவே தாயே அந்த உரிமையை விட்டுவிடுகிறாள். மார்பு கட்டிக்கொள்கிறது, பால் குறைகிறது, பால்மாவுக்குக் கடன் ஏறுகிறது. பச்சைப்பிள்ளைக்காரிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு அண்மையான மலையில் நிரை கொடுக்கும்படி தலைவர்மார் கேட்கலாமே! வேலைக்குப் போகுமுன் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள கோப்பையில் வைத்தால், குளிர்ந்த இடத்தில் நான்கு மணித்தியாலம் கெடாது.

மனமும் கவனிக்கப்பட வேண்டும். பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, உணவில் வெறுப்பு, பிள்ளையைத் தூக்க மனமின்மை தொடர்ந்தால் அது நோய். சோம்பேறித்தனமும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. உலகெங்கும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இவ்வாறு துன்புறுகின்றனர். மருந்தும் ஆலோசனையும் உண்டு. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை விடவேண்டும் என்று அவள் சொன்னால் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கணவன்மாரே, பீலியில் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளைத் துணி துவைப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. பிள்ளைக் காசு அவள் சாப்பாட்டுக்கானது, கசிப்புக்கல்ல. மாமிமாரே, இரவில் ஒரு சாமம் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை பார்க்க வருவோரும் பிள்ளையை மட்டும் விசாரித்துவிட்டுப் போகாமல், "நீ தூங்கினாயா, சாப்பிட்டாயா?" என்று தாயையும் கேட்டுச் செல்லுங்கள்.