303ஆம் பிரிவும் பெண்ணின் உடலும்

இலங்கையில் கருக்கலைப்புப் பற்றிப் பேசப்புகும் எவரும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலன்றிக் கருக்கலைப்பு குற்றம் என்கிறது அதன் 303ஆம் பிரிவு. மூன்று ஆண்டுவரை சிறை. சிசு வயிற்றில் அசையத் தொடங்கியிருந்தால் ஏழு ஆண்டுவரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் அடக்கம். அவளைக் கர்ப்பமாக்கிய ஆணைப் பற்றி இப்பிரிவில் ஒரு சொல்லுமில்லை.

இதை எழுதித்தந்த வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1967இல் சட்டத்தைத் தளர்த்திவிட்டான். இந்தியா 1971இல் தளர்த்தியது. நாம்தான் இன்னமும் காவிக்கொண்டு திரிகிறோம்.

1995இல் ஒரு வாய்ப்பு வந்தது. பாலியல் வல்லுறவாலோ தகாப்புணர்ச்சியாலோ உண்டான கருவையும், கடும் குறைபாடுள்ள கருவையும் கலைக்க இடமளிக்கும் வாசகம் தண்டனைக்கோவைத் திருத்த மசோதாவில் இருந்தது. பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. மிஞ்சிய திருத்தங்கள் நிறைவேறின: வல்லுறவுக்குத் தண்டனை கூடியது, தகாப்புணர்ச்சி தனிக் குற்றமாயிற்று. அதாவது, குற்றவாளியைக் கூடுதல் காலம் மறியலில் வைக்க இணங்கிய சபை, அவன் விட்டுச்சென்ற கருவை அப்பெண் சுமந்தேயாக வேண்டும் என்றது. 2017இல் மீண்டும் முயன்றார்கள். கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் அப்படியே நின்றது.

சட்டம் தடுத்ததனால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. காசுள்ளவள் இரகசியமாக வைத்தியரிடம் போகிறாள். இல்லாதவள் கிடைத்த கையிடம் போகிறாள். இரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வருபவளுக்கு வைத்தியம் செய்வதை இச்சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் பொலிசுக்குப் பயந்து, காய்ச்சல் முற்றியபின்தான் பலர் வருகிறார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிடுகிறது.