தற்கொலையில் ஆளை இழந்த விவசாயக் குடும்பம்: உற்றாரும் ஊராரும் கவனிக்க வேண்டியவை

வீட்டில் சாவு விழுந்தது என்று வயல் காத்திருப்பதில்லை. நாற்றங்காலில் 25 நாள் நாற்று நின்றால் இன்னும் சில நாளில் முற்றிவிடும். கறவை மாட்டுக்குக் காலையும் மாலையும் மடி கனக்கும். வயதாகி இறந்தவர் வீடென்றால் பங்காளிகளும் பக்கத்து வயல்காரர்களும் இவற்றைக் கேளாமலே பார்த்துக்கொள்வது கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். தற்கொலை நடந்த வீட்டில் மட்டும் இந்த வழக்கம் பல ஊர்களில் தடைப்பட்டுப் போகிறது. போலீஸ் வந்து போன வீடு, கடன்காரர் வரும் வீடு, போனால் என்ன பேசுவது என்று தெரியாத வீடு என ஆட்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். துக்கத்தோடு தனிமையும் சேர்ந்துவிடுவதால், அந்தக் குடும்பம் தாங்க வேண்டிய பாரம் இரட்டிப்பாகிறது.

அந்த வீட்டில் இராப்பகலாகச் சுற்றி வரும் கேள்வி ஒன்றுதான்: ஏன் இப்படிச் செய்தார்? இதற்கு ஒரே ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் தவிக்கிறார்கள். முந்தின நாள் நடந்த சிறு சண்டை, வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ், தண்ணீர் கிடைக்காத போர் என்று ஏதாவது ஒன்றின் மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் அது ஒரு மனிதர் மேலும் விழும். இறந்தவர் கணவரானால் மனைவி மேல், மருமகளானால் மாமியார் மேல், பிள்ளையானால் பெற்றவர் மேல்.

நெற்பயிரில் குலைநோய் வருவதை விவசாயிகள் அறிவார்கள். தாங்கும் சக்தியில்லாத ரகம், அளவுக்கு மீறிய தழைச்சத்து, இரவுக் குளிர், காலைப்பனி எல்லாம் ஒன்றுகூடும்போதுதான் நோய் பரவுகிறது. தற்கொலையும் அப்படிப் பல காரணங்கள் கூடி நடப்பதே. கடன், தீராத வலி, குடிப்பழக்கம், வெளியே தெரியாத மனச்சோர்வு, அவமானம் ஆகியவற்றில் சில சேர்ந்திருக்கும். கடைசியாக நடந்த சண்டை கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவை தெரிவதில்லை. ஆகவே மனைவி ஒரு வார்த்தை கடிந்து சொன்னதால்தான் போனார் என்று பேசுவது உண்மையுமல்ல, நியாயமுமல்ல. "அன்று நான் வெளியூர் போகாமல் இருந்திருந்தால்" என்று வீட்டார் தம்மைத் தாமே நொந்துகொள்வதும் இயற்கை. நடந்து முடிந்த பிறகு தெளிவாகத் தெரியும் அறிகுறிகள், நடக்கும் முன் அப்படித் தெரிவதில்லை என்பதை அவர்களுக்குப் பல முறை சொல்ல வேண்டியிருக்கும். ஒரு முறை சொன்னால் போதாது.

துக்கத்தோடு வேறு சில உணர்ச்சிகளும் வரும். இப்படி விட்டுவிட்டுப் போனாரே என்று இறந்தவர் மேல் கோபம் வரும். பல வருடம் குடியாலோ நோயாலோ துன்பப்பட்ட வீட்டில், சற்று ஆறுதல்கூடத் தோன்றி, அதற்காக மனம் கூசும். முதலில் பார்த்தவருக்கு அந்தக் காட்சி தூக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். உணவு இறங்காது, காரணமின்றி நெஞ்சு படபடக்கும். இவை எதுவும் பைத்தியத்தின் அறிகுறியல்ல. இத்தனை மாதத்தில் தீர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது.

குழந்தைகளிடம் "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லி வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை உண்மையை ஒரு நாள் சொல்லிவிடும். அப்போது வீட்டார் சொல்லும் எதையும் அந்தக் குழந்தை நம்பாது. வயதுக்கேற்ற எளிய சொல்லில், விவரங்களை விட்டுவிட்டு, உண்மையைச் சொல்வதே நல்லது. அதைவிட முக்கியமாக, "இது உன்னால் நடந்ததல்ல" என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் கேட்காமலே மனதில் வைத்திருக்கும் கேள்வி அதுதான். இறந்தவர் ஆவியாக அலைகிறார், அந்த மரத்தடிப் பக்கம் போகாதே என்ற பேச்சை அவர்கள் காதில் போடுவது பெரியவர்கள் செய்யும் கொடுமை.

அண்டை அயலார் என்ன செய்யலாம்?

"ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதால் பயனில்லை. துக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். "நாளை உங்கள் முறைத்தண்ணீரை நான் பாய்ச்சுகிறேன்", "வியாழக்கிழமை நடவுக்கு எங்கள் ஆட்களோடு வருகிறோம்" என்று சொல்லிச் செய்ய வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தோடு கூட்டம் கலைந்துவிடும். உண்மையில் ஆள் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும். இறந்தவர் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவர் பயிர் செய்த விதத்தை, ஓட்டிய மாட்டை நினைவுகூர்ந்து பேசலாம். கோழை என்று இழித்தும் பேச வேண்டாம், செய்தது சரி என்று புகழவும் வேண்டாம்.

வந்தவர்கள் தயங்காமல் கவனிக்க வேண்டிய மற்றொன்று, வீட்டில் மிச்சமிருக்கும் பூச்சி மருந்து. இப்படி ஆளை இழந்த குடும்பத்தில் இன்னொருவருக்கும் அந்த எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே மருந்துகளை அன்றே அந்த வீட்டை விட்டு அப்புறப்படுத்தி, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊர்ப் பொதுவில் பெட்டகம் அமைத்து, விவசாயி ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள தனிப் பெட்டி கொடுத்து மருந்து வைக்கும் முறையைச் சினேகா என்ற தொண்டு நிறுவனம் நடத்திப் பார்த்தது. விவசாயிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். தொட்டால் எட்டும் இடத்தில் மருந்து இல்லாமலிருப்பதே பல உயிர்களைக் காக்கும்.

கடனும் காகிதங்களும்

போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடப்பவை. அவற்றால் குடும்பம் குற்றவாளி ஆகிவிடாது. முதல் தகவல் அறிக்கை, பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வாங்கி வைப்பது பின்னால் உதவும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பிக்கலாம்.

இறந்தவரின் பாஸ் புத்தகத்தை வரி வரியாகப் பார்க்க வேண்டும். வருடம் ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கும். அதில் 2 லட்சம் ரூபாய் வாரிசுக்குக் கிடைக்கும், தற்கொலையானாலும் உண்டு. சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் மட்டும் கிடைக்காது. தற்கொலைக்குப் பணம் வராது என்று எண்ணி விண்ணப்பமே போடாமல் விட்டுவிடக் கூடாது. 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டில்தான் தற்கொலைக்குப் பணமில்லை.

கடன்காரர்கள் கருமாதி முடிந்த கையோடு வருவார்கள். அந்த நிலையில் மனைவியோ மகனோ புதிய புரோநோட்டில் கையெழுத்திடவே கூடாது. இறந்தவர் கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவார்கள். சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. இந்துக் குடும்பங்களில், மகன் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அப்பா கடனை அவரிடம் கேட்கும் பழைய வழியும் 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தால் அடைபட்டது. அதற்குப் பின் வாங்கிய எல்லாக் கடனுக்கும் இது பொருந்தும். கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு. அடமானக் கடன் அந்த நிலத்தின் மேல் நிற்கும். சந்தேகமிருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முதல் சில மாதங்களில் நிலத்தை விற்கவோ, நீண்ட குத்தகைக்கு விடவோ அவசரப்படுத்தும் உறவினர்களுக்கு மறுமொழி சொல்லாமலிருப்பதே நல்லது. அந்தப் போகத்துக்கு மட்டும் வாரத்துக்கு விட்டால் யோசிக்கக் காலம் கிடைக்கும்.

வாழ்வதில் பிடிப்பில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், நீங்களும் அப்படி நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேச வைக்க வேண்டும். இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரும் இருப்பார். வேறு காரணம் சொல்லிக்கொண்டாவது அழைத்துப் போகலாம்.

முதல் பொங்கலும், அவர் விதைத்த பருவம் திரும்பி வரும் நாட்களும், தலைத்திவசமும் பழைய ரணத்தைக் கீறிவிடும். தேதியைக் குறித்து வைத்திருந்து, அதற்கு ஒரு வாரம் முன்பே அந்த வீட்டுக்கு யாராவது போய்வர வேண்டும்.