குற்றமும் குடியுரிமையும்: ஹைதராபாத் பழைய நகரின் மீது விழும் சந்தேகம் எங்கிருந்து வருகிறது?

ஹைதராபாத்: ஜப்பானில் 2025 ஜூலையில் நடைபெற்ற மேலவைத் தேர்தலில், 'ஜப்பானியர்களுக்கே முதலிடம்' என்ற முழக்கத்துடன் களமிறங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களைக் கைப்பற்றியது. வெளிநாட்டவர் பெருகுவதால் நாட்டின் பாதுகாப்பு குலைகிறது என்ற பேச்சு அந்தத் தேர்தல் காலத்தில் பரவலாக ஒலித்தது. ஆனால் அங்கு பதிவாகும் குற்றங்கள் 2002ஆம் ஆண்டில் உச்சம் தொட்டு, பின்னர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. 2002க்குப் பின் அந்நாட்டில் வாழும் வெளிநாட்டவரின் எண்ணிக்கையோ சுமார் இரு மடங்காகியுள்ளது.

இந்த வகைப் பேச்சு ஹைதராபாத்துக்கும் புதிதன்று. 2020 டிசம்பர் 1 அன்று நடைபெற்ற பெருநகர ஹைதராபாத் மாநகராட்சித் தேர்தலில் குப்பை, மழைநீர் வடிகால், வெள்ள நிவாரணம் ஆகியவற்றுக்கு இணையாக ரோஹிங்கியா அகதிகளும் விவாதப் பொருளாயினர். மேயர் பதவியைக் கைப்பற்றினால் பழைய நகரில் 'சர்ஜிக்கல் ஸ்டிரைக்' நடத்தி ரோஹிங்கியாக்களையும் பாகிஸ்தானியரையும் வெளியேற்றுவோம் என அப்போதைய தெலங்கானா பாஜக தலைவர் பண்டி சஞ்சய் குமார் பேசினார். வாக்காளர் பட்டியலில் ரோஹிங்கியாக்கள் இருந்தால் மத்திய உள்துறை அமைச்சகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என மஜ்லிஸ் கட்சித் தலைவர் அசதுத்தீன் ஓவைசி திருப்பிக் கேட்டார். 2016இல் 4 வார்டுகளை மட்டுமே வென்றிருந்த பாஜக, இம்முறை 48 வார்டுகளைப் பிடித்தது.

விவாதத்தின் மையமாக இருந்தவர்கள், பாலாபூர் சுற்றுவட்டாரக் குடிசைகளில் வசிக்கும் சில ஆயிரம் பேர். மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அச்சமூகத்தினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ரக்கைன் மாநிலத்தில் 2012இல் வெடித்த வன்முறையும், 2017இல் ராணுவம் எடுத்த நடவடிக்கையும் அவர்களை எல்லை தாண்டச் செய்தன. ஹைதராபாத்தில் கழிவுப் பொருள் சேகரிப்பும் கட்டுமானக் கூலி வேலையுமே பலரது பிழைப்பு. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அட்டை பலரிடம் உண்டு. எனினும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், அந்த அட்டை தங்கும் உரிமையைத் தருவதில்லை.

குற்றச்சாட்டு முற்றிலும் கற்பனை என்றும் கூறிவிட முடியாது. பொய்யான விவரங்களைத் தந்து ஆதார் பெற்றதாக ஹைதராபாத் காவல்துறை அளித்த அறிக்கையின் பேரில், 127 பேருக்கு 2020 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆதாருக்கும் குடியுரிமைக்கும் தொடர்பில்லை என்றும் அதே ஆணையம் விளக்கியது. போலி ஆவணம் தண்டனைக்குரிய குற்றமே. ஆனால் மேடைகளில் 'குற்றவாளிகள்' என்ற சொல் ஒலிக்கும்போது கேட்பவர் மனதில் எழுவது ஆவண மோசடி அன்று, கொலையும் கொள்ளையும்தான்.

எண்கள் ஏமாற்றும் இடமும் இதுவே. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில், வெளிநாட்டவர் மீது பதிவான வழக்குகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. அவ்வழக்குகளில் கணிசமான பங்கு வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வருபவை. அதாவது, விசா இன்றி நுழைந்தது, காலக்கெடு முடிந்தும் தங்கியது போன்றவை. உள்நாட்டவர் ஒருவர் விரும்பினாலும் இக்குற்றத்தைச் செய்ய இயலாது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்த அடிப்படை அதிலும் மாறவில்லை. எனவே மொத்த எண்ணிக்கையை எடுத்து உள்நாட்டவருடன் ஒப்பிடுபவர், ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிடுகிறார். திருட்டை திருட்டோடும், தாக்குதலைத் தாக்குதலோடும், அதுவும் மக்கள்தொகை விகிதத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு பொருள்படும். தேர்தல் மேடையில் அதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

சந்தேகம் பேச்சோடு நிற்பதில்லை. குழந்தை கடத்தும் வெளியூர்க் கும்பல் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய 2018 மே மாதத்தில், ஹைதராபாத் சந்திராயன்குட்டாவில் திருநங்கை ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி கொல்லப்பட்டார். வடமாநிலத்தவரைத் தேடிய கூட்டத்தின் கையில் சிக்கியவர் தமிழ் பேசும் பெண்.

இவற்றுக்கெல்லாம் முந்தைய ஓர் அத்தியாயம் பாலாபூருக்கு அருகிலேயே உள்ளது. பார்கஸ் என்ற அந்தப் பகுதியின் பெயர் 'பேரக்ஸ்' என்ற சொல்லின் திரிபு. நிஜாமின் படையில் பணிபுரிய ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அராபியர்களின் குடியிருப்பு அது. ரமலான் மாதத்தில் நகரமே வரிசையில் நின்று வாங்கும் ஹலீம்கூட அராபியர் வழி வந்த உணவுதான். 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது, சட்டம் ஒழுங்குக்கு ஆபத்தானவர்கள் எனக் கருதப்பட்ட அராபியர்களும் பட்டாணியர்களும் ஆயிரக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களை நாடு கடத்துவதே அரசின் திட்டம். விசாரித்தபோது, பலர் ஹைதராபாத்திலேயே பிறந்து, இங்கேயே மணமுடித்தவர்கள் எனத் தெரியவந்தது. ஏற்றுக்கொள்ள வேறு நாடும் எளிதில் முன்வரவில்லை. ஒரு பகுதியினர் அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பார்கஸின் வாக்காளர்கள்.